ஈம்: ஓர் ஊர்ப்பெயரின் பொருள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், மலைச்சரிவில் இருக்கும் ஈம் என்ற சிற்றூரின் வரலாற்றை நடந்தே படிக்கலாம். நடையை ஊரின் பெயரிலிருந்து தொடங்குவது நல்லது.

பழைய ஆங்கிலத்தில் 'ஏய்' என்றால் தீவு. நீரோடைகளுக்கு நடுவே கிடக்கும் நிலத்துண்டையும் அது குறித்தது. நம் 'ஆற்றிடைக்குறை' அதற்கு நெருக்கமான சொல். அதன் பன்மை வேற்றுமை வடிவம் 'ஏயும்': தீவுகளில், ஓடைகளுக்கிடையில் உள்ள இடம். அதுவே தேய்ந்து ஈம் ஆயிற்று. லண்டனின் பாட்டர்சீ, பெர்மண்ட்சி ஆகிய பெயர்களின் ஈற்றிலும் இதே சொல்தான் ஒளிந்திருக்கிறது.

தீவு என்றதும், பதினேழாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது ஊர் தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டதால் வந்த பெயர் என்று எண்ணத் தோன்றும். அது தவறு, பெயர் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு 1665இல் நோய் புகுந்தது என்பது வழிவழிச் செய்தி. மறு ஆண்டு பாதிரியார் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் கேட்டுக்கொள்ள, மக்கள் ஊர் எல்லையைத் தாண்டாமல் இருந்தார்கள். பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனை நோக்கி நடந்தால் எல்லைக்கல்லைக் காணலாம். அதன் குழிகளில் வினிகர் ஊற்றி, வாங்கும் உணவுக்கான காசை இட்டுவைத்தார்கள். அந்தக் குழிகளைப் பார்க்காமல் நடையை முடிக்கவே கூடாது. ஊருக்குக் கிழக்கே ரைலி கல்லறைகள்: எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்த இடம்.

நோய்க்காலத்தில் தேவாலயத்தை மூடிவிட்டு வழிபாடு நடத்திய கக்லட் டெல்ஃப் பள்ளத்தாக்கில், ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு அன்று நினைவு வழிபாடு நடத்துவது இன்றும் ஊர் வழக்கம்.