வரைபடம் சொல்லும் நம் மாவட்டத்தின் வரலாறு



1950-ஆம் ஆண்டில் இண்டூரில் பிறந்த ஒருவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர்? "தருமபுரி" என்பர் இளைஞர். அக்காலப் பத்திரங்களோ "சேலம் ஜில்லா" என்னும். இரண்டும் மெய்யே. ஊர் நகரவில்லை, எல்லைக் கோடுதான் நகர்ந்தது. அக்கோட்டின் கதையைப் பழைய வரைபடங்களில் காண்கிறோம்.

சங்க காலத்தில் அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. பிற்காலத்தில் இப்பகுதி பாராமகால் எனப்பட்டது. 'பாரா' என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு மலைக்கோட்டைகளால் வந்த பெயர் என்பர். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டரானார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. நாளடைவில் பாராமகால் என்ற பெயர் மறைந்து, சேலம் ஜில்லா என்பதே நிலைத்தது.

2-10-1965 அன்று தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் தாலுகாக்கள் பிரிந்து தருமபுரி மாவட்டம் உதயமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆகவே, ஓசூர் வரை சேலம் என்று காட்டும் படம் 1965-க்கு முந்தியது. ஓசூரும் தருமபுரிக்குள் இருந்தால், அது 1965-க்கும் 2004-க்கும் இடைப்பட்டது. ஆண்டு அச்சாகாத படத்துக்கும் இவ்வாறு வயது சொல்லலாம்.

திருச்சபையின் படமும் இதற்குச் சான்று. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று; அதிலிருந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. அரசு 2004-இல் புதுக்கோடு கிழித்தபோதும் திருச்சபை கிழிக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் இன்றும் ஒரே ஆயரின் கீழ் உள்ளன. 1965-இல் பிறந்த மாவட்டத்தின் வடிவம் நம் மறைமாவட்டப் படத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது!

ஆதலின் பெற்றோரே, பெட்டியடியில் கிடக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழிலோ நிலப் பத்திரத்திலோ "சேலம் ஜில்லா" என்றிருந்தால், பிழையென்று ஒதுக்காதீர்கள். அடித்துத் திருத்தவும் வேண்டாம். எழுதிய நாளில் அதுவே சரியான பெயர். முன்னோரின் பதிவைத் தேடும் பிள்ளைகளுக்கு அவ்விரு சொற்களே வழிகாட்டும். அவற்றைப் பத்திரமாய்ப் பாதுகாத்து, பிள்ளைகளுக்கும் காட்டுவோமாக.