கம்பம் பள்ளத்தாக்கும் கருத்துரிமையும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறைக் காட்டில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் சிதைந்த நிலையில் நிற்கிறது. சித்திரை முழுநிலவன்று பளியன்குடி வழியே தமிழகத்து மக்களும் குமுளி வழியே கேரளத்து மக்களும் மலையேறி வந்து கூடுகின்றனர். சேரன் செங்குட்டுவன் எடுப்பித்த கோட்டம் இதுவே என்பாரும் அன்று என்பாரும் ஆய்வுலகில் உளர். அவ்வழக்கு ஒருபுறம் நிற்க. அரசவைக்குள் தனியொருத்தியாகப் புகுந்து, மன்னனின் தீர்ப்புப் பிழையானது என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன ஒருத்தியை இந்நிலத்து மக்கள் தெய்வமாக வைத்திருக்கின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. கருத்துரிமை மேனாட்டார் கொண்டுவந்து தந்த சரக்கு என்று எண்ணுவோர் ஒருமுறை அம்மலைக்குச் சென்று வரலாம்.

புலவனைச் சிறைப்பிடித்த செய்தியும் தமிழுக்குப் பழையதே. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்றுக் கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் இடைபுகுந்து, பரிசில் பெற்று வாழும் புலவர்க்குப் பிறர்க்குத் தீங்கு எண்ணும் இயல்பில்லை என்று வாதிட்டு அவனை உய்வித்தார். அவ்வாதம் புறநானூற்றின் 47ஆம் பாட்டாக உள்ளது. நாடு விட்டு நாடு செல்லும் சொல்லைக் கண்டு அதிகாரம் கொள்ளும் அச்சமும், அச்சொல்லுக்காக மற்றொரு புலவன் பேச முன்வருவதும் ஆகிய இரண்டும் அன்றே இருந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த அச்சம் சட்ட வடிவம் பெற்றது. 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், 1878இல் தாய்மொழி இதழ்களை ஒடுக்கும் சட்டம், 1910இல் பத்திரிகைச் சட்டம், 1931இல் அவசர அதிகாரப் பத்திரிகைச் சட்டம் எனப் பட்டியல் நீளும். பாரதி 1908இல் புதுச்சேரி சென்றதும், அவர் மறைந்து ஏழாண்டுகள் கழிந்த பின் 1928இல் அவர் நூல்கள் பறிமுதலானதும், சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து முழங்கியதும் வட்ட உறுப்பினர்கள் நன்கறிந்தவை. அதிகம் பேசப்படாதது நாடகமேடையின் கதையாகும்.

அந்நாளில் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி எல்லாம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. மதுரையை நடுவாகக் கொண்டு ஊர்ஊராகச் சென்றது 'ஸ்பெஷல் நாடகம்'. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலிய கதைகள் ஊர்த்திருவிழாக்களில் விடிய விடிய நடந்தன. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். பல ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். கதை தெரியும், பாட்டுத் தெரியும். ஆனால் தருக்கம் அந்தந்த நேரத்தில் பிறப்பது. ஆகவே தணிக்கை செய்வதற்கு முழுமையான பிரதி என்று ஒன்று இருப்பதில்லை. எழுதப்பட்ட சொல்லைப் பிடிக்க வகுத்த சட்டம், வாயில் பிறக்கும் சொல்லின்முன் திகைத்து நின்றது.

இத்திகைப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ். தினைப்புனம் காக்கும் வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுவது பழங்காட்சி. அக்காட்சியில் வெள்ளை நிறக் கொக்கை ஓட்டும் பாட்டு வந்தபோது, ஓட்டப்படுவது எந்த வெள்ளை என்பது கூட்டத்துக்கு விளங்கிற்று. குறிப்பெடுக்க வந்த காவலர்க்கும் விளங்கிற்று. மேடையிலிருந்து சிறைக்கும் சிறையிலிருந்து மேடைக்குமாக அவர் வாழ்நாள் கழிந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. இவரைப் போன்றோர்க்கு மேடைப்பாட்டு எழுதியளித்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இவ்வரலாற்றை 1981இல் நூலாக்கித் தந்தவர் தியடோர் பாஸ்கரன். பாட்டுப் புலவர்களை இலக்கிய வரலாற்றின் வாசலில் நிறுத்திவிட்டுச் செல்லும் தமிழ்த்துறைகளுக்கு அந்நூல் இன்றும் ஒரு குட்டு.

விடுதலை வந்தது, தடை போகவில்லை. 1950 மார்ச்சில் சென்னை அரசு, பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் சேலம் சிறையில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். இதழாசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குத் தொடுத்தார். எழுதும் உரிமையில் அவ்வெழுத்தைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்று கூறி, அதே ஆண்டு மே 26இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளிற்று. 'பரப்பும் உரிமை' என்னும் இவ்விரு சொற்களை நினைவில் வைக்க வேண்டும். இணையத்தைப் பற்றிய பிற்கால வழக்குகள் அனைத்துக்கும் வேர் அங்கேதான் உள்ளது. ஆனால் 1951 ஜூனிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, 'பொது ஒழுங்கு' என்னும் காரணத்தைக் கட்டுப்பாடுகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டது. 1954இல் எம்.ஆர்.ராதாவின் நாடகங்களுக்குக் கடிவாளமாகச் சென்னை மாகாணம் தனியே ஒரு நாடகச் சட்டம் செய்தது. அதன் முதன்மையான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது 2013இல்தான். வழக்காடியவர் எழுத்தாளர் ஞாநி. 1876ஆம் ஆண்டுச் சட்டமோ நாடாளுமன்றத்தின் 2017ஆம் ஆண்டு நீக்கல் சட்டத்தாலேயே ஏட்டிலிருந்து நீங்கியது. சட்டங்களுக்கு ஆயுள் கெட்டி.

இப்பின்னணியில்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனைப் பார்க்க வேண்டும். இளையராஜாவின் தமையன் என்று அவரை அறிமுகம் செய்வது இன்றைய வழக்கம். ஒரு காலத்தில் 'பாவலரின் தம்பி' என்பதே இளையராஜாவுக்கு அறிமுகமாக இருந்தது. ஆர்மோனியத்துடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர் வரதராசன். எல்லாரும் அறிந்த மெட்டில் அன்றைய அரசியலைப் பொதிந்து பாடுவது அவர் முறை. மெட்டுக் கேட்பவரின் காதில் முன்பே குடியிருப்பதால், புதுச்சொல் தங்குவதற்கு இடம் தேட வேண்டியதில்லை. யாப்பறிந்தோர் இதனை எளிய வித்தை என்று ஒதுக்கலாகாது; சிந்தும் கும்மியும் தமிழில் நிலைபெற்றது இவ்வழியில்தான்.

1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை அமைந்தது. தேவிகுளம் தொகுதியில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகவே, 1958இல் அங்கு மறுதேர்தல் நடந்தது. 1956இன் மாநில மறுசீரமைப்பில் கேரளத்தோடு நின்றுவிட்ட தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைக்கும் ஏலத்துக்கும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறிச் சென்றவர் அவர்களில் பலர். நாளேடு படிக்க வாய்ப்பற்ற அம்மக்களிடம் பாவலரின் பாட்டுச் சென்றது. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பங்கை நம்பூதிரிபாடே மேடையில் பாராட்டினார் என்று இப்பகுதியினர் பெருமையோடு சொல்வர். அக்காலத்தையொட்டியே சிறுவன் இளையராஜா அண்ணனின் குழுவோடு ஊர்சுற்றத் தொடங்கினார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தேயிலைத் தோட்டம் தெருவன்று, தனியார் நிலம். லயங்களுக்கு நடுவே நின்று பாடவும் பேசவும் அரசமைப்புத் தரும் உரிமை மட்டும் போதாது. நிலத்துக்கு உடையவரின் மனமும் வேண்டும். உரிமை உண்டு, நிற்க இடம் இல்லை என்னும் நிலை அது. இந்நிலை முடிந்துபோன ஒன்றன்று என்பதனால்தான் இங்கு விரித்துச் சொல்ல நேர்ந்தது.

1995 ஆகஸ்டு 15இல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் திறந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கரான ஜான் பெர்ரி பார்லோ, இணையவெளி எந்த அரசுக்கும் கட்டுப்படாத தன்னுரிமை நாடு என்று ஓர் அறிக்கை விடுத்தார். தேனி தனி மாவட்டமானதும் அதே 1996இல். எல்லைகளே இல்லை என்று ஒருவர் அறிவித்த ஆண்டில் இங்கு ஓர் எல்லை வரையப்பட்டது; எது நிலைத்தது என்பது வெளிப்படை.

தமிழுக்கு அவ்வெளியில் முதல் தடை அரசால் வரவில்லை, எழுத்தால் வந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனக் குறியீடு வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கவிதை மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிற்று. சிங்கப்பூரின் நா.கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் உழைத்தனர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. பின்னர் யூனிகோடு பரவியபோதுதான் கம்பத்தில் எழுதியதைக் கனடாவில் பிழையின்றிப் படிக்க முடிந்தது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஈழத்தமிழர்க்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காகிதம் எரியும், பல நாடுகளில் படியெடுத்து வைத்ததை எரிப்பது அரிது.

சட்டம் பின்னாலேயே வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் செருகப்பட்ட 66ஏ பிரிவு, பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்புவதையும் குற்றமாக்கியது. எரிச்சலுக்கு அளவுகோல் எது? அப்பர் பாட்டு மகேந்திரவர்மனுக்கு எரிச்சல் ஊட்டவில்லையா? புதுவையிலும் மகாராட்டிரத்திலும் ஓரிரு வரிகளுக்காக மக்கள் கைதான பின், 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அடியோடு நீக்கியது. ஆயினும் நீங்கிய பிரிவின்கீழ்க் காவல்நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்து வந்ததை அறிந்து, 2021இல் அதே நீதிமன்றம் திகைப்புத் தெரிவிக்க நேர்ந்தது.

66ஏ நீங்கிய அதே 2015இல், அக்டோபர் 30 அன்று விடியுமுன் திருச்சியில் பாடகர் கோவன் கைது செய்யப்பட்டார். மதுக்கடைகளை எதிர்த்து அவர் பாடிய பாட்டு இணையத்தில் பரவியிருந்தது. சாட்டப்பட்ட குற்றங்களுள் அரசத்துரோகமும் ஒன்று. விசுவநாததாஸ் மறைந்து ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் ஆன பின்னும் பாட்டுக்கு அரசு அஞ்சியது. மேடைப்பாட்டைத் தடுக்க அன்று அரங்கை மூடினால் போதும். இப்பாட்டோ கைதுச் செய்தியோடு சேர்ந்து, கேளாதவரையும் சென்றடைந்தது.

அரங்கை மூடும் வழியும் இணையத்துக்கு உண்டு. 2018 மே 22இன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் சில நாள் துண்டிக்கப்பட்டது. பேச்சு நின்றதோடு பிழைப்பும் நின்றது. இது பள்ளத்தாக்கு மக்களுக்கு எளிதில் விளங்கும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் இன்று மின்னணு ஏலத்தில் விலைபோகிறது; கல்லூரி முடித்த இளைஞர் பலர் வீட்டிலிருந்தே தொலைவூர்களுக்கு வேலை செய்கின்றனர். கம்பி அறுந்தால் கவிதை மட்டுமன்று, கூலியும் அறும். காசுமீர் இணையத்தடை பற்றி அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம், இணையவழிப் பேச்சும் இணையவழித் தொழிலும் அரசமைப்பின் காப்புக்கு உட்பட்டவை என்றது. 1950இன் 'பரப்பும் உரிமை' எழுபதாண்டுகளில் அடைந்த வளர்ச்சி அது.

எனினும் லயத்துக் கேள்வி அப்படியே நிற்கிறது. முகநூலும் யூடியூபும் தெருமுனை போலத் தோற்றம் தருவன. உண்மையில் அவை தோட்டங்கள். வாயிற்கதவு உடையவர் கையில். எக்கவிதை பலர் கண்ணில் படும், எது படாது என்பதை அவர்களின் கணக்கே முடிவு செய்கிறது. அக்கணக்கை எழுதியவர் அறியார். அரசு இவ்வுடைமையாளரை நெருக்கி எழுத்தை நீக்கச் செய்யவும் வழியுண்டு. 2021 பிப்ரவரியில் வந்த விதிகள் அத்தகையவை என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியவர்களுள் இசைக்கலைஞர் டி.எம்.கிருஷ்ணாவும் ஒருவர். இம்முறையும் பாடுபவரே முன்வந்தார்.

இவ்வெளியில் கூட்டமே தடையாவதும் உண்டு. 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு நான்காண்டுகள் கழித்து எதிர்ப்புக் கிளம்பியபோது, நாவலின் சில பக்கங்கள் மட்டும் தனியே பிரித்துப் பரப்பப்பட்டன. பரப்பும் உரிமையின் மறுபக்கம் இது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். தமிழக முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கத்தின் சார்பில் ச.தமிழ்ச்செல்வன் வழக்குத் தொடுத்தார். ஒரு புலவனுக்காக இன்னொருவர் வாதிடும் கோவூர்கிழார் மரபு அறுந்துவிடவில்லை. 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம், எழுத்தாளர் மீண்டு வந்து எழுதட்டும் என்று தீர்ப்பை முடித்தது. அவர் ஆகஸ்டில் மீண்டார். நாவலோடு அன்று, எழுதாதிருந்த மாதங்களில் தமக்குள் எழுதிய கவிதைகளோடு. தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'கோழையின் பாடல்கள்'.