லா பாஸ் போறீங்களா? ஏர்போர்ட்டிலேயே மூச்சு வாங்கும்... முதல் 2 நாள் எப்படித் திட்டமிடணும்?

2009 ஏப்ரல் 1. உலகக் கோப்பை கால்பந்து தகுதிச் சுற்று. மெஸ்ஸி ஆடிய, மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினாவை 6-1 என்று புரட்டி எடுத்தது பொலிவியா. ஆட்டம் நடந்த ஊர் லா பாஸ், சுமார் 3,600 மீட்டர் உயரம். தோல்விக்கு உயரம் மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனால் அந்த மைதானத்தில் ஆட வரும் எந்த அணியும் முதலில் பேசுவது காற்றைப் பற்றித்தான். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் அங்கிருந்துதான் திட்டத்தைத் தொடங்கணும்.

அப்படி என்ன உயரம்?

தமிழ்நாட்டின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். லா பாஸுக்கான விமான நிலையம் இருக்கும் எல் ஆல்டோ 4,061 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் விகிதம் எங்கேயும் 21 சதவீதம்தான். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், லா பாஸில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தண்ணீரே 88 டிகிரி பக்கத்தில் கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இதெல்லாம் இறங்கிய சில மணி நேரத்தில் ஆரம்பிக்கலாம். ஜிம் போகிறவர், இளைஞர் என்ற சலுகை எல்லாம் இதற்குக் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை, அதோடு உயரம் குறைந்த ஊருக்கு இறங்குவதுதான் வழி. அசிட்டசோலமைடு என்ற தடுப்பு மாத்திரை உண்டு. சல்ஃபா அலர்ஜி இருப்பவர்கள், இதய, நுரையீரல் நோயாளிகள், கர்ப்பிணிகள் பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது அவசியம்.

எந்த ஊரிலிருந்து தொடங்கலாம்?

நேராக எல் ஆல்டோவில் இறங்குவதுதான் பலர் செய்வது. அதைவிட நல்ல வழி, சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாண்டா குரூஸில் இறங்கி, 2,800 மீட்டரில் உள்ள சுக்ரேயில் ரெண்டு மூணு நாள் தங்கி, பிறகு லா பாஸ் ஏறுவது. சுக்ரே வெறும் இடைவழி ஊர் இல்லை. அரசியலமைப்புப்படி பொலிவியாவின் தலைநகரே அதுதான். உச்ச நீதிமன்றமும் அங்கேதான். அதிபரும் நாடாளுமன்றமும் லா பாஸில்.

நேரே போயே ஆகணும் என்றால், ஊரின் தெற்குப் பகுதியில் ரூம் போடுங்க. மையப் பகுதியை விட சில நூறு மீட்டர் தாழ்வு, குளிரும் கம்மி. பல ஊர்களில் வசதியானவர்கள் மேட்டில் குடியிருப்பார்கள், இங்கே பள்ளத்தில்! முதல் நாள் மது வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், படியேற்றமும் வேண்டாம்.

நடக்காமலே ஊரைப் பார்க்க ஒரு வழி இருக்கு. 2014-ல் தொடங்கிய 'மி டெலிஃபெரிகோ' கேபிள் கார். அங்கே அது சுற்றுலா விளையாட்டு அல்ல, ஆபீஸ் போகிறவர்களின் டவுன் பஸ் மாதிரி. 10 வழித்தடங்கள் எல் ஆல்டோவையும் லா பாஸையும் இணைக்கின்றன. முரில்லோ சதுக்கம், சூனியக்காரிகள் சந்தை, நிலாப் பள்ளத்தாக்கு எல்லாம் ரெண்டாம், மூணாம் நாளுக்கு. மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு, ஆனால் ஜூன், ஜூலை இரவுகளில் நடுக்கும் குளிர்.

கோகா டீ குடிக்கலாமா?

மயக்கம்னு சொன்னாலே ஹோட்டலில் கோகா இலை டீ நீட்டுவார்கள். பொலிவியாவில் அது சட்டப்படி சரி. ஆனால் குடித்த பிறகு போதைப்பொருள் பரிசோதனை செய்தால் பாசிட்டிவ் காட்டலாம். வேலைக்காக அந்தப் பரிசோதனை இருப்பவர்கள் தவிர்ப்பதே நல்லது. முக்கியமாக, ஒரு டீ பாக்கெட்டைக்கூட ஊருக்குக் கொண்டு வராதீங்க. இந்தியாவில் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கோகா இலை வைத்திருப்பதே குற்றம், சிறை வரை போகும்.

திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல். லா பாஸ் உயரத்தில் மஞ்சள் காய்ச்சல் ஆபத்து இல்லை. ஆனாலும் பொலிவியா பட்டியலில் உள்ள நாடு என்பதால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். டிக்கெட் போட்ட கையோடு ஊசிக்கும் தேதி வாங்கிடுங்க.