மிலிட்டரிப் பச்சை

பெங்களூர் அலசூரில் வாழும் தமிழர்க்குப் படை என்பது ஏட்டில் மட்டும் கண்ட செய்தியன்று. 1809இல் ஆங்கிலேயர் இங்கு நிறுவிய கண்டோன்மென்ட்டை ஊரார் ‘தண்டு’ என்றே வழங்கி வந்துள்ளனர். தண்டு என்பது படையைக் குறிக்கும் சொல் என்பதை நம் அகராதிகளும் கூறும். அத்தண்டினைத் தொடர்ந்தே ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் பலர் சிப்பாய்களாகவும் கொத்தர்களாகவும் சமையற்காரர்களாகவும் இவ்வூர் வந்து சேர்ந்தனர். 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படை இங்கே நிலைகொண்டபின், அலசூர் ஏரிக்கரையில் தமிழொலி கேளாத நாளே இல்லையாயிற்று. ஆகவே ஒரு பழைய ஜீப் வண்டிக்கு எந்த நிறம் பூசுவது என்னும் சிறு வழக்கு எமது தெருவில் எழுந்தபோது, அதனை வெறும் வண்ணச் சிக்கலாக யாம் கருத இயலவில்லை.

அந்த ஜீப் 1944இல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் செய்தது. சாப்பர்ஸ் படையில் சுபேதாராய் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், 1970களின் தொடக்கத்தில் படை ஏலமொன்றில் அதனை எடுத்தார். எடுத்த மாதமே வான்நீலம் பூசினார். பின்புறம் இரண்டு பெஞ்சுகளும் மேலே தகரக் கூரையும் அமைத்தார். அதுமுதல் தெருவின் மணமக்களும், பிள்ளைத்தாய்ச்சிகளும், ஆடிக்கூழ்ப் பானைகளும் அந்த நீல வண்டியில்தான் சென்றனர். பூப்பல்லக்குத் திருவிழா இரவில் அதில் இடம்பிடிக்கப் பிள்ளைகள் சண்டையிட்டதும் உண்டு; அப்பிள்ளைகளுள் யாமும் ஒருவர்.

பெரியவர் மறைந்து ஓராண்டு நிறையும் முன்னர் வண்டியைச் செப்பனிட மக்கள் இருவரும் முனைந்தனர். “அப்பா படைவீரர், அவர் வண்டி படை நிறத்தில் நிற்பதே அவருக்கு மரியாதை. முதல் நிறத்தையே பூச வேண்டும்” என்றார் மூத்தவர். “அந்தப் பச்சையை யார் பார்ப்பார்கள்? நீலத்தில் இருந்தால்தான் அது அப்பா வண்டி” என்றார் இளையவர். நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தராய் இருப்பவருக்கு விதிகள் யாவும் தெரிந்திருக்கும் என்பது நம் மக்களின் அசையாத நம்பிக்கை. எனவே வழக்கு எம்மிடம் வந்தது. விதியைத் தேடப் புகுந்து வரலாற்றில் அகப்பட்டுக்கொண்டோம்.

படைக்கு மங்கிய நிறம் என்னும் வழக்கம் பழமையானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படையின் பெருமையே அதன் சிவப்புச் சட்டைதான். பகைவர்க்கு அஞ்சி ஒளியோம் என்பதே அந்நிறத்தின் பொருள் எனலாம். 1846இல் ஹாரி லம்ஸ்டன் என்னும் அதிகாரி பெஷாவரில் எழுப்பிய கைட்ஸ் படையே முதன்முதல் மண்ணிற உடையை மேற்கொண்டது. காக்கி என்னும் சொல் பாரசீகத்தில் புழுதியைக் குறிக்கும் ‘காக்’ என்பதன் அடியாகப் பிறந்தது. 1857இல் வேறு பல படைப்பிரிவினரும் தம் வெள்ளுடையைத் தேயிலைச் சாற்றிலும் சேற்றிலும் தோய்த்து அந்நிறத்திற்கு மாறினர். தென்னாப்பிரிக்கப் போரில் துப்பாக்கியின் தொலைவு மிகுந்தபின், 1902இல் ஆங்கிலப் படை முழுமையும் காக்கியை ஏற்றது. எடுப்பான நிறத்தை இழக்க எப்படையும் மகிழ்ந்து ஒருப்பட்டதில்லை. உயிர் பிழைக்கும் தேவையே அதனை ஒப்பச் செய்தது.

வண்டிகளின் கதையும் அவ்வாறே. அமெரிக்கப் படை தன் வண்டிகளுக்குத் தெரிந்தெடுத்த ஆலிவ் நிறத்தைக் கரும்பொடியையும் மஞ்சட்காவியையும் கலந்தே ஆக்கிவிடலாம். மலிவும், எளிதில் கிடைத்தலும், வானிலிருந்து நோக்குவார் கண்ணில் மின்னாமையும் அதன் குணங்கள். மின்னக் கூடாது என்பதற்காகவே பளபளப்பில்லாத பூச்சாகச் செய்தனர். புதுவண்டி வாங்கினால் மின்ன வேண்டும் என்று விரும்பும் குடும்பத்தார்க்கு இந்நிறம் பிடியாமற் போனதில் வியப்பென்ன? பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதற்கென்றே படைக்கப்பட்ட நிறமன்றோ!

ஜீப்பின் பிறப்பும் அவசரத்தில் நிகழ்ந்ததே. 1940இல் அமெரிக்கப் படை 135 நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டது; பான்டம் என்னும் சிறு நிறுவனம் தன் முதல் மாதிரியைச் செப்டம்பர் 23ஆம் நாள் கொணர்ந்து நிறுத்தியது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடியுமுன் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. அவற்றுள் ஒரு பகுதி இந்தியாவுக்கும் பர்மாப் போர்முனைக்கும் வந்தது. நம் பெங்களூரிலோ 1940இல் தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்க வானூர்திகளைப் பழுதுபார்க்கும் இடமாயிற்று. அமெரிக்க ஆலிவ் நிறத்தை இவ்வூர்த் தெருக்கள் அப்போதே கண்டுவிட்டன.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ‘முதல் நிறம்’ என்று மூத்தவர் கூறியது ஒரே நிறந்தானா? ஆங்கிலேயர் போரின் தொடக்கத்தில் ஒருவகைக் காக்கிப் பச்சை பூசினர். பச்சைக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு அருகவே 1942 முதல் பழுப்புக்கு மாறினர். அமெரிக்க வண்டிகள் வந்து நிறைந்தபின், அவற்றை மறுபடி பூசும் வேலை மிச்சமாகட்டும் என்று 1944இல் அமெரிக்க ஆலிவை ஒத்த நிறத்தைத் தாமும் ஏற்றனர். தென்கிழக்காசியப் போர்முனைக்குக் காட்டுப் பச்சை என வேறொன்று இருந்தது. விடுதலைக்குப்பின் நம் படை பூசிய பச்சை மற்றொன்று.

டிங்கரிங் கடையில் பானட்டின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தபோது இவ்வரலாறு எங்கள் கண்முன்னே விரிந்தது. மேலே வான்நீலம், அதன்கீழ்ச் செம்பிரைமர், அதன்கீழ் இருண்ட பச்சை ஒன்று, எல்லாவற்றிற்கும் அடியில் மஞ்சள் கலந்த மங்கல் ஆலிவ். வெட்டிய மரத்தின் வளையங்கள் போன்று அவை தோன்றின. இதனைக் கடைக்காரர் முழுதும் சுரண்டிவிட்டுப் புதிதாய்ப் பூசவே விரும்பினார். சுரண்டிய பின் எவராலும் மீட்க இயலாது என்பதை எண்ணி, அன்றைக்கு வேலையை நிறுத்தச் சொன்னோம். கடைக்காரர் அன்றைய கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

போருக்குப்பின் அரசு கழித்துக்கட்டிய இவ்வகை வண்டிகளை மக்கள் ‘டிஸ்போசல்’ என்றனர். அச்சொல்லில் சற்றே ஏளனமும் கலந்திருந்தது. 1948இல் இலண்டனில் இந்திய ஹைகமிஷனராய் இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், படைக்குப் பழைய ஜீப்புகள் வாங்க 80 இலட்சம் ரூபாய் ஒப்பந்தம் செய்ததும், சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய 155 வண்டிகள் பயனற்றவை எனப் படையினர் மறுத்ததும் நாடறிந்த செய்தி. பாராளுமன்றம் கொதித்த அவ்விவகாரத்தை 1955இல் உள்துறை அமைச்சர் பந்த் முடித்துவைத்தார். பழைய பச்சை ஜீப் என்றாலே மக்கள் முகம் சுளித்ததற்கு இத்தகைய கதைகளும் காரணமாகலாம். டிஸ்போசல் வண்டி வாங்கியவர் செய்த முதற் காரியம் அப்பச்சையை மறைத்ததே. 1965 செப்டம்பரில் கேம் கரண் களத்தில் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன் டாங்கிகளை அழித்து உயிர்நீத்த பின்னர்தான், அந்நிறத்துக்கு மக்கள் மனத்தில் வேறொரு மதிப்பு உண்டாயிற்று என்பது எம் கருத்து. மூத்த மகனார் அந்த மதிப்பில் வளர்ந்தவர்.

இனி விதிக்கு வருவோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் வண்டிகள் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை கூடாது என்கிறது. படையினரின் வண்டியைப் போலப் பிறர் வேடமிட்டு வருதலைத் தடுப்பது அதன் நோக்கமாகலாம், நோக்கம் செவ்விதே. ஆனால் விளைவைப் பாருங்கள். உலகில் எந்த ஜீப்புக்கு இந்நிறம் பிறப்புரிமையோ, அந்த ஜீப்பே இந்நாட்டில் தன் பிறவி நிறத்தைப் பூண்டு தெருவில் செல்லலாகாது!

இது ஏட்டளவில் நிற்கும் விதியென்று எண்ணற்க. சென்னையைத் தாயகமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வழி இறக்கப்பட்ட தன் ‘ஃபிளையிங் ஃப்ளீ’ மோட்டார் சைக்கிளின் நினைவாக, 2018இல் ‘பெகாசஸ்’ என்னும் வண்டியை 1,000 எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்டது. பிறநாடுகளுக்கு ஆலிவ் பச்சை, பழுப்பு என இருநிறம். இந்தியாவுக்கு ஒதுக்கிய 250 வண்டிகளோ பழுப்பு மட்டுமே. சென்னையில் செய்யும் வண்டியைப் பச்சையில் வாங்கச் சென்னைவாசி கடல் கடக்க வேண்டியதாயிற்று. பழுப்பும் போர்க்கால நிறமே என்பதை மேலே கண்டோம், நிறுவனத்தார் பொய்யுரைக்கவில்லை. அந்த 250 வண்டிகளும் மூன்று நிமிடங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன.

2021 ஜூலையில் பழமைவாய்ந்த வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்டவற்றை 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘விஏ’ என்னும் குறியுடன் பதியலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியிருத்தல் கூடாது. அவ்வாறு பதிந்த வண்டி கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் தெருவில் ஓடலாகாது. இதனை வாசித்துக் காட்டியபோது, அதுவரை வாய்திறவாதிருந்த பெரியவரின் துணைவியார், “அப்படியென்றால் கலியாணத்துக்குப் போகாதா தம்பி?” என்று கேட்டார். போகாது என்றோம். அவர் உள்ளே எழுந்து போய்விட்டார்.

பிற நாட்டார் இத்தகைய சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்றும் பார்த்தோம். இங்கிலாந்தில் 1923இல் செய்த ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்னும் நீராவி எஞ்சினை அந்நாட்டு இரயில் அருங்காட்சியகம் 2004இல் வாங்கிச் செப்பனிட்டது. மக்கள் உள்ளங்கவர்ந்தது அதன் இளம் ஆப்பிள் பச்சை. ஆயினும் 2011இல் போர்க்காலக் கறுப்பிலும், 2016இல் பணிக்குத் திரும்பியபோது பிற்கால இரயில்வேயின் கரும்பச்சையிலும் அதனை நிறுத்தினர். பலர் குறைகூறினர். அதன் இரட்டைப் புகைபோக்கியும் பக்கவாட்டுப் புகைத்தடுப்புத் தகடுகளும் 1959க்கும் 1961க்கும் இடையே பொருத்தப்பட்டவை. அவ்வுடலுக்கு அக்காலத்து நிறமே பொருந்தும் என்பது அம்முடிவுக்குச் சொல்லப்பட்ட நியாயம். உடல் ஒரு காலத்ததாகவும் நிறம் வேறொரு காலத்ததாகவும் இருந்தால் அப்படியொரு வண்டி எக்காலத்தும் இருந்ததில்லை என்றாகிவிடும்.

இந்நியாயத்தை மூத்தவரிடம் எடுத்துரைத்தோம். பெஞ்சும் தகரக் கூரையும் உள்ள உடலுக்கு 1944இன் ஆலிவ் பொருந்தாது. அவை அமைந்த நாளின் நிறம் நீலமே என்றோம். அவர் சற்றும் தளராமல், “பெஞ்சையும் கூரையையும் கழற்றிவிட்டால் சரியாகிவிடுமே, அண்ணா?” என்றார். முறையான விடைதான். தருக்கத்தில் அவர் எம்மை வென்றுவிட்டார் என்றே ஒப்புக்கொள்கிறோம். விதி 121 குறுக்கே நில்லாதிருந்தால் எம் வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

வழக்கைத் தீர்த்தவர் அவருடைய அன்னையார். மறுநாள் எங்களை அழைத்து, ஏலத்திலிருந்து வண்டி வீட்டுக்கு வந்த நாளை விவரித்தார். வாசலில் நின்ற பச்சை வண்டியைப் பார்த்துக் கணவர் சொன்னாராம்: “இருபத்திரண்டு வருஷம் இந்தக் கலரை உடம்பில் போட்டிருந்தேன். இனி நம் வாசலில் வேண்டாம்.” நீலத்தை அவரே தேர்ந்தாராம், எதற்கென்று சொல்லவில்லையாம். தந்தையின் மரியாதை என்று தாம் எதனை எண்ணியிருந்தாரோ, அதனைத் தந்தையே வேண்டாவென்று மறைத்தார் என்பதை மூத்தவர் அன்றுதான் அறிந்தார். நெடுநேரம் பேசாதிருந்தார். அவர்பால் எமக்கு இரக்கம் உண்டாயிற்று. அவர் போற்றிய பச்சையும் பொய்யன்று.

முடிவு இவ்வாறாயிற்று. வெளிப்புறம் பழைய நீலமே. பதிவுப் புத்தகத்தின் நிறப் பகுதியில் மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை. பெஞ்சுகள் நின்றன. ‘விஏ’ பதிவுக்கு விண்ணப்பிக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்த இடத்தில் உள்ளங்கையளவு பகுதியைப் பூசாமல் விட்டு, அடுக்கடுக்கான நிறங்கள் தெரியுமாறு வார்னிஷ் மட்டும் இட்டனர். இருக்கையின்கீழ் உள்ள கருவிப் பெட்டியும் பானட்டின் உட்புறமும் எவர் கையும் படாமல் 1944இன் ஆலிவாகவே இருந்தன. அவற்றை எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி. புதிதாய்ப் பூசாது இருப்பதைப் பேணியதால் 121ஆம் விதிக்கும் முரணில்லை என்று எம் சிற்றறிவுக்குப் பட்டது. நீலத்தை அதே சாயலில் கலக்கக் கடைக்காரர் மூன்று முறை முயன்றார். மூன்றாவதும் சற்றுக் கூடுதலாகவே வெளுத்தது என்பது இளையவரின் முறையீடு.

இவ்வாண்டுப் பூப்பல்லக்கு இரவில் வண்டி நீலமாகவே தெருவிற்கு வந்தது. பிள்ளைகள் பெஞ்சுகளில் ஏறி இடத்திற்குச் சண்டையிட்டனர். மூத்தவர் மட்டும் ஏறவில்லை. பானட்டைத் தூக்கி நிறுத்தி, கைவிளக்கு வெளிச்சத்தில் அதன் உட்புறத்தைத் தம் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.