ஒரு தொண்டைக்குள் ஒரு கோரஸ்: லாரா நீரோவின் 1968 ஆல்பம்

1968 மார்ச்சில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் உறைக்குள், பாடல் வரிகள் அச்சிட்ட தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. உறையைப் பிரித்தால் அந்தத் தாளிலிருந்து வாசனை வந்தது. தாளுக்கு நறுமணம் ஏற்ற வேண்டும் என்பது பாடகியின் விருப்பம். அவருக்கு அப்போது வயது 20. பெயர் லாரா நீரோ. ஆல்பம் ‘ஈலை அண்ட் த தர்டீன்த் கன்ஃபெஷன்’.

நீரோவைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இந்த வாசனைத் தாளை விட மாட்டார்கள். இந்தக் கட்டுரையும் அதற்கு விலக்கில்லை என்பதை ஒப்புக்கொண்டு மேலே போகலாம். தாளோடு சேர்த்து வேறு சில கதைகளும் வழக்கமாக வந்துவிடும். கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸுக்குப் பாடிக் காட்டும்போது அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் வெளிச்சத்தில் பாடினார். வாத்தியக்காரர்களிடம் சுருதி, தாளம் என்று பேசாமல் நிறங்களைச் சொல்லி வாசிக்கக் கேட்டார். மெழுகுவத்தி, கறுப்பு அங்கி, இத்யாதி. எல்லாம் நடந்தவைதான். ஆனால் இவற்றைக் கோத்துக் கோத்து ‘கிறுக்குப் பிடித்த மேதை’ என்ற பொம்மை ஒன்றைச் செய்துவிட்டார்கள். பொம்மையைப் பார்ப்பவர் பாட்டைக் கேட்பதில்லை.

அவருடைய உண்மையான விசித்திரம் உடையிலோ மெழுகுவத்தியிலோ இல்லை, ஒலிப்பதிவில் இருக்கிறது. ஒரு கூட்டம் பாட வேண்டிய இசையை அவர் ஒற்றை ஆளாகப் பாடினார். முன்குரலும் அவர், கோரஸும் அவர். இந்த ஒரு முடிவை விளங்கிக்கொண்டால், அவருடைய பாடல்கள் பிறர் குரலில் ஏன் அப்படி ஓடின, அவர் குரலில் ஏன் ஓடவில்லை என்ற பழைய கேள்விக்கும் வேறொரு விடை கிடைக்கும்.

நீரோ 1947இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். தந்தை பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் செய்தவர், டிரம்பெட் வாசிப்பவரும்கூட. இத்தாலிய வழியும் யூத வழியும் கலந்த குடும்பம். சிறுமியின் இசைப் பள்ளி வீட்டுக்கு வெளியே, தெருமுனையிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் இருந்தது. அங்கே கறுப்பின, இத்தாலிய, புவேர்ட்டோ ரிக்க இளைஞர்கள் டூ-வோப் பாடினார்கள். கையில் வாத்தியம் கிடையாது. ஒருவர் பாட்டை எடுப்பார். மற்றவர்கள் பொருளற்ற ஓசைகளால் அதற்கு அடியும் கூரையும் போடுவார்கள். நிலையத்தின் ஓட்டுச்சுவர் எதிரொலி கொடுக்கும். செலவில்லாத வாத்தியக்குழு. லாராவும் அந்த வட்டத்தில் நின்று பாடியவர்.

1967 ஜூனில் மான்டரே பாப் விழா மேடைக்கு வந்தபோதும் அவர் தனியாக வரவில்லை. இரண்டு பின்னணிப் பாடகியரோடு வந்தார். வாத்தியக்குழுவுக்குப் போதிய ஒத்திகை இல்லை. கூட்டம் தன்னைக் கேலி செய்து கூச்சலிட்டது என்று நம்பியபடியே மேடையிறங்கினார்; அந்த எண்ணம் பல ஆண்டுகள் அவரை விடவில்லை. ஆவணப்பட இயக்குநர் பென்னபேக்கரின் குழு படம்பிடித்த காட்சிகள் பின்னாளில் வெளிவந்தன. பார்த்தால் அப்படியொரு பேரழிவு தென்படவில்லை. எப்படியோ, அடுத்த ஆல்பத்தின் பின்னணிக் குரல்களுக்கு அவர் யாரையும் அழைக்கவில்லை. மான்டரேதான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. ஒன்றையடுத்து மற்றொன்று நடந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இசையை ஒழுங்கமைத்து, நீரோவோடு சேர்ந்து தயாரித்தவர் சார்லி கலெலோ. ‘ஃபோர் சீசன்ஸ்’ குழுவின் பாடல்களுக்கு இசை ஒழுங்கமைத்துப் பெயர் வாங்கியவர் அவர். நான்கு ஆண்குரல்கள் அடுக்கும் கலையில் கைதேர்ந்த ஒருவர், ஒரே பெண்குரலை அடுக்க வந்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஜூட் சிம்ஸ், ஜோ ஃபாரல் போன்ற ஜாஸ் கலைஞர்கள் ஊதினார்கள். சக் ரெய்னி பேஸ் கிதார் வாசித்தார். வாத்தியங்களுக்கு இத்தனை பேர். குரலுக்கு ஒருவர்.

‘ஈலைஸ் கமிங்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ஈலை என்ற மயக்குக்காரன் வருகிறான், பெண்ணே, மனசைப் பத்திரப்படுத்து என்பது பொருள். தொடக்கம் தாளத்துக்குள் அடங்காமல் நீண்டு ஒலிக்கிறது, ஊர் எல்லையில் நின்று கூவுவது போல. பிறகு தாளம் பாய்கிறது. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. எச்சரிப்பவள் நீரோ. எச்சரிக்கை கேட்டுப் பதறுபவளும் நீரோ. போகாதே என்று தடுக்கும் தோழியர் கூட்டமும் அவரே. தனக்குத்தானே புத்தி சொல்லி, அந்தப் புத்தி எடுபடாது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே இருப்பவளின் பாட்டு இது. அதன் பதற்றம் வரிகளில் பாதிதான். மறுபாதி ஒரே தொண்டையின் பல படிகள் மோதிக்கொள்வதில் இருக்கிறது.

அதே பாட்டை 1969இல் ‘த்ரீ டாக் நைட்’ குழு பாடி, பில்போர்டு பட்டியலில் 10ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. மூன்று ஆண் பாடகர்கள் கொண்ட குழு. மெட்டு மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது: மூன்று ஆண்கள் ஒரு பெண்ணை எச்சரிக்கிறார்கள். அதில் கொஞ்சம் வீராப்புகூடத் தொனிக்கிறது. நல்ல பாட்டுத்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது வேறு பாட்டு.

‘ஸ்டோன்டு சோல் பிக்னிக்’ அதே ஆல்பத்தில் வருவது. எல்லோரும் வாருங்கள், விருந்துக்குப் போகலாம் என்று அழைக்கிறது. அழைப்பதற்கென்றே அகராதியில் இல்லாத ஒரு வினைச்சொல்லை நீரோ உண்டாக்கிக்கொண்டார். ‘ஃபிஃப்த் டைமன்ஷன்’ குழுவின் மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து பாடியபோது அது 1968இன் கோடைக்காலப் பாட்டாகி 3ஆம் இடம் பிடித்தது. ஐந்து பேர் பாடினால் விருந்துக்கு ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். நீரோவின் பதிவில் அழைப்புக்குப் பதில் சொல்பவரும் அவரேதான். இலை போட்டாயிற்று, பந்தியில் ஒரே ஆள்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. நீரோவின் பாடல்கள் நடுவழியில் நடை மாறுகின்றன, வானொலிக்கு அது ஒத்துவரவில்லை, பிறர் அதைச் சீராக்கிப் பாடி வெற்றி கண்டார்கள் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் த்ரீ டாக் நைட் அந்த மெதுவான தொடக்கத்தை வைத்துக்கொண்டேதான் 10ஆம் இடம் வந்தது. நடை மாற்றம் மட்டுமே தடை என்றால் அங்கேயும் தடுத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் நீரோ காட்டிய தயக்கமும், உச்சத்தில் கூர்மையாகும் குரலும் ஓரளவு காரணங்களாகலாம். இருந்தும் ஓர் ஒழுங்கைப் பாருங்கள்: ‘அண்ட் வென் ஐ டை’ பாட்டை முதலில் எடுத்தவர்கள் பீட்டர், பால் அண்ட் மேரி, மூவர், அதை 2ஆம் இடத்துக்குக் கொண்டுசென்றது ‘பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ குழு, ‘வெட்டிங் பெல் புளூஸ்’ பாட்டால் 1969இல் முதலிடம் தொட்டது மறுபடியும் ஃபிஃப்த் டைமன்ஷன். தெருமுனையிலிருந்து நீரோ தனக்குள் எடுத்துச் சென்ற கூட்டத்தை, சந்தை திரும்பவும் வெளியே கொண்டுவந்து நிறுத்தியது. நீரோவின் ‘ஸ்டோனி எண்ட்’ பாட்டைப் பாடிய பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தனிப் பாடகி என்பதால் அது விதிவிலக்கு என்று வாதிடலாம். அங்கும் பின்னால் பாடகியர் குழு கேட்கிறது.

பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழு நீரோவையே தங்கள் முதன்மைப் பாடகியாக்கிக்கொள்ளவும் எண்ணியது. நீரோவின் மானேஜர் டேவிட் கெஃபன் வேண்டாம் என்றார், நீரோ மறுத்துவிட்டார்.

இங்கே ‘சோல்’ என்ற சொல்லையும் தொட வேண்டும். கறுப்பின தேவாலயத்தின் அழைப்பும் மறுமொழியும் சோல் இசையின் முதுகெலும்பு. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அதைப் பாடுவது கடனா, களவா என்ற கேள்வி நியாயமானது. ஃபிஃப்த் டைமன்ஷன் கதை அதை இன்னும் சிக்கலாக்குகிறது. கறுப்பினக் கலைஞர்களான அவர்கள்மீது ‘வெள்ளையர் போலப் பாடுகிறார்கள்’ என்ற குறை இருந்தது; அந்த வலியை 2021இல் வந்த ‘சம்மர் ஆஃப் சோல்’ ஆவணப்படத்தில் அந்தக் குழுவின் பாடகி மெரிலின் மக்கூ பேசியிருக்கிறார். தேவாலயச் சாயலைத் தேடிய வெள்ளைப் பெண்ணின் பாட்டை, போதிய அளவு கறுப்பாக ஒலிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் பரப்பினார்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று கணக்கெழுதுவது அவ்வளவு எளிதல்ல.

காசுக் கணக்கு தெளிவாக இருந்தது. நீரோவின் ஈலை ஆல்பம் பில்போர்டில் 181ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அவர் பாடல்களின் உரிமையை வைத்திருந்த பதிப்பு நிறுவனத்தையோ 1969இல் கொலம்பியாவின் தாய் நிறுவனமான சிபிஎஸ் 45 லட்சம் டாலர் பெறுமான பங்குகளுக்கு வாங்கியது.

1971இல் அவர் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். பிலடெல்பியாவில் கேம்பிள், ஹஃப் இருவர் தயாரிப்பில், ‘லபெல்’ குழுவின் மூன்று கறுப்பினப் பெண்களோடு சேர்ந்து ‘கானா டேக் எ மிராக்கிள்’ ஆல்பத்தைப் பாடினார். அதில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சிறுமியாகக் கேட்டு வளர்ந்த பழைய பாட்டுகள். தன் பாட்டுக்குத் தானே கோரஸ், பிறர் பாட்டுக்குப் பிறர் கோரஸ் என்ற இந்தப் பங்கீடு தற்செயலாகத் தோன்றவில்லை. ஈலை ஆல்பத்தின் கடைசிப் பாட்டின் பெயர் ‘த கன்ஃபெஷன்’. ஒப்புதல் வாக்குமூலத்தை எவரும் பக்கத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு சொல்வதில்லை.

1997இல், 49 வயதில், சூலகப் புற்றுநோயால் நீரோ இறந்தார். பாடகியாக அவர் பெயர் பில்போர்டின் முதல் நூறு ஒற்றைப் பாடல்களில் இடம்பெற்றது ஒரே முறை, 1970இல், 92ஆம் இடத்தில். பாட்டு ‘அப் ஆன் த ரூஃப்’. கெர்ரி காஃபின், கரோல் கிங் எழுதியது. முதலில் பிரபலமாக்கியவர்கள் ‘டிரிஃப்டர்ஸ்’ என்ற கூட்டுக்குரல் குழுவினர்.