பூச்சிகளின் பறப்புத் தசை: ஓர் ஆய்வு வரலாறு

தசை எவ்வாறு சுருங்குகின்றது என்னும் வினாவுக்கு நெடுங்காலம் தவளையின் தொடைத் தசையே முதன்மைச் சான்றாக நின்றது. பூச்சிகளின் பறப்புத் தசை அதனின்றும் வேறுபட்டது என்பது பழைய செய்தியே. அவ்வேறுபாட்டின் பொருள் விளங்குதற்குத்தான் ஒரு நூற்றாண்டு சென்றது.

1848 இல் ஜேர்மனிய விலங்கியலாளர் சீபோல்ட், சில பூச்சிகளின் பறப்புத் தசை எளிதில் தனித்தனி நுண்ணிழைகளாகப் பிரிவதைக் குறித்தார். அதே பூச்சியின் கால் தசை அவ்வாறு பிரிவதில்லை. 1857 இல் கொலிக்கர் பூச்சித் தசையின் இழைகளுக்கிடையே செறிந்த மணிகளைக் கண்டார். இன்று அவற்றை இழைமணிகள் என்கிறோம். எனினும் இவ்வமைப்பு எதற்காக என்று கூற அக்காலத்தில் வழியிருக்கவில்லை.

வினாவைக் கூர்மையாக்கியது ஓசை எனலாம். பின்லாந்தின் சோட்டவால்ற்றா தம் செவியின் சுருதியறிவைக் கொண்டே பூச்சிகளின் சிறகடிப்பை அளந்தவர். மிகச் சிறிய கொள்ளுப்பூச்சியினம் ஒன்று செக்கனுக்கு 1,046 தடவை சிறகடிப்பதாக அவர் கணித்தார். ஒவ்வோர் அடிப்புக்கும் ஒரு நரம்புக் கணத்தாக்கம், ஒவ்வொரு தடவையும் கல்சியம் வெளிப்பட்டு மீளல் என்றால், இவ்வேகம் இயலுமா?

1949 இல் கேம்பிரிட்ஜில் பிரிங்கிள் விடையின் முதற் பகுதியைத் தந்தார். நீலஈ செக்கனுக்கு ஏறத்தாழ 120 தடவை சிறகடிக்கையில், அதன் தசையில் மின்துடிப்புகள் மூன்றளவே தோன்றின. தும்பியிலும் வெட்டுக்கிளியிலும் துடிப்பும் அடிப்பும் இணைந்தே செல்வன. ஈயிலோ நரம்பு தசையை விழிப்பு நிலையில் வைத்திருக்கின்றது. தாளத்தை வகுப்பது இழுவையே. ஒரு தசைத்தொகுதி சுருங்க, மார்புக்கூடு உருமாறி எதிர்த்தொகுதியை நீட்டுகின்றது. நீண்டது சற்றுப் பின் சுருங்குகின்றது. 1966 இல் ஜுவெல், ரூயெக் ஆகியோர் கிளிசரோலிற் பதப்படுத்திய, நரம்பும் மென்சவ்வும் செயலற்ற இராட்சத நீர்ப்பூச்சித் தசையும் இவ்வாறே அலைவதைக் காட்டினர். ஆகவே பண்பு இழைகளிலேயே உறைகின்றது. கல்சியத்தைத் தேக்கும் சிறுவலை இத்தசையில் அருகியிருப்பதும் இதனால் விளங்குகின்றது: அவ்விடத்தை நுண்ணிழைகளும் இழைமணிகளும் நிரப்பியுள்ளன.

நாம் பெரிதும் மதிக்கும் பேறு வேறொன்று. 1954 இல் இரு குழுவினர் தனித்தனியே முன்வைத்த வழுக்கும் இழைக் கொள்கைக்கு, இழைகளைப் பிணைக்கும் குறுக்குப் பாலங்களின் அசைவு சான்றாக வேண்டியிருந்தது. பளிங்கு போன்று ஒழுங்கமைந்த அந்நீர்ப்பூச்சித் தசையில், தளர்நிலையில் நிமிர்ந்தும் விறைப்புநிலையில் சாய்ந்தும் அப்பாலங்கள் இருப்பதை 1965 இல் ரீடி, ஹோம்ஸ், ட்ரெகியர் ஆகியோர் கண்டனர். தவளைத் தசை இத்துணைத் தெளிவைத் தந்ததில்லை.

இவ்வகைத் தசை பல கிளைகளில் வெவ்வேறாகத் தோன்றியது என்பதே நீண்டகாலக் கருத்து. 2023 இல் வெளியான ஆய்வொன்று அது ஒருமுறையே தோன்றி, அந்துப்பூச்சிகள் உள்ளிட்ட சில கிளைகளில் மீண்டும் பழைய முறைக்குத் திரும்பியிருக்கலாம் எனக் கூறுகின்றது.