ஒரு வாக்கு குறைந்தபோது

1942இல் பட்டம் பெறுவதற்கு முன், கொலராடோ மாநிலத்தின் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜூலியன் சமோரா மாணவர் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்ட தோழன் அவருக்கு வாக்களிக்கவில்லை. ஒரு மெக்சிக்கனுக்கு வாக்களிக்க அவனுக்கு மனம் வரவில்லை. இந்நிகழ்ச்சியைச் சமோரா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1953இல் முனைவர் பட்டம் பெற்று, சமூகவியலில் அத்தகுதியை எட்டிய முதல் மெக்சிக்க அமெரிக்கர் என அறியப்படுபவர் அவர். 1959 முதல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, தம் இனத்து மாணவர்கள் பலரை ஆய்வாளர்களாக்கியவர்.

அந்த ஒரு வாக்கைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. விடுதியில் இடம் கிடைத்தது. வகுப்பில் இடம் கிடைத்தது. வேட்பாளர் பட்டியலில்கூடப் பெயர் இருந்தது. பிறகு எது கிடைக்கவில்லை? அதற்கு ஒரு பெயர் வைக்கச் சமூகவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது.

மாணவர்கள் ஏன் படிப்பை இடையில் விடுகிறார்கள் என்னும் கேள்விக்கு, அமெரிக்கக் கல்வியுலகில் பல்லாண்டுகள் செல்வாக்குடன் இருந்த விடை வின்சென்ட் டின்டோவுடையது. 1975இல் ஒரு கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் அவர் முன்வைத்த கருத்துக்கு இரண்டு பிரெஞ்சு மூதாதையர் உண்டு. தற்கொலையைப் பற்றி 1897இல் எழுதிய துர்க்கைம் ஒருவர். வாழ்க்கைக் கட்டங்களின் சடங்குகளை 1909இல் ஆராய்ந்த வான் ஜெனப் மற்றவர். பழைய சமூகத்திலிருந்து பிரிதல், இடைநிலை, புதிய சமூகத்தில் ஒன்றுதல் என்னும் மூன்று படிகளை டின்டோ கல்லூரிக்குப் பொருத்தினார். கல்விசார்ந்தும் சமூகம்சார்ந்தும் ஒன்றிப்போகிறவன் நிலைக்கிறான், ஒன்றாதவன் வெளியேறுகிறான்.

எவ்வளவு ஒழுங்கான சித்திரம்! ஆனால் 1992இல் வில்லியம் டியர்னி ஓர் எளிய மறுப்பைச் சொன்னார். வான் ஜெனப் விவரித்த சடங்குகள் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கே நடத்துபவை. கல்லூரியோ வேறொரு பண்பாட்டின் பிள்ளைகளை அழைத்து, உன் வீட்டை விட்டு வா என்கிறது. அவன் திரும்பிப் பார்த்தால் அதையே குறையாக எண்ணுகிறது. டின்டோவும் 1993இல் வந்த தம் இரண்டாம் பதிப்பில் கல்லூரிக்கு வெளியேயுள்ள சமூகங்களுக்குக் கூடுதல் இடமளித்தார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும்.

இந்த விவாதத்தின் நடுவில்தான் 1997இல் சில்வியா ஹுர்டாடோவும் டெபோரா ஃபே கார்ட்டரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஹுர்டாடோ சமூகவியல் படித்துவிட்டுக் கல்வித்துறைக்கு வந்தவர். இருவரும் டின்டோவின் ‘ஒன்றிப்போதல்’ என்னும் அளவுகோலை ஒதுக்கிவைத்தார்கள். மாணவன் எதிலெல்லாம் பங்கேற்கிறான் என்பது வேறு. தான் இங்கே ஒருவன் என அவன் உணர்வது வேறு. சமோராவின் தேர்தல் முன்னதற்குச் சான்று. அந்த வாக்கு பின்னதற்கு.

இங்கே சற்று மொழியைப் பற்றி. அவர்கள் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக ‘உடைமை’ என்று ஓரிடத்தில் எழுதி, உடனே அடித்தேன். ‘ஒட்டுதல்’ மேலோட்டமாகப் பட்டது. ‘சொந்தம்’ என்னும் சொல்லில்தான் எனக்கு உரியது, எனக்கு உறவு என்னும் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஊரைச் சொந்தம் என்கிறோம், மாமன் மகனையும் சொந்தம் என்கிறோம். ஹுர்டாடோ அளக்க முயன்றது ஏறக்குறைய அதைத்தான்.

முதலிரண்டு ஆண்டுகளின் அனுபவங்கள் மூன்றாம் ஆண்டின் சொந்த உணர்வை எவ்வாறு பாதிக்கின்றன என அவர்கள் பார்த்தார்கள். வகுப்புக்கு வெளியே சக மாணவர்களுடன் பாடத்தைப் பற்றிப் பேசியவர்களுக்கு அவ்வுணர்வு கூடுதலாக இருந்தது. சமய அமைப்புகளிலும் சமூக அமைப்புகளிலும் இருந்தவர்களுக்கும் அப்படியே. தேவாலயமும் சமூக அமைப்பும் கல்லூரி வளாகத்துக்கு அப்பாலும் கை நீட்டுபவை என்பதை நினைத்தால், பழைய உறவை அறுத்தால்தான் புதியது கிட்டும் என்னும் பாடம் ஆட்டங்காண்கிறது. வளாகத்தில் இனப்பகைமை நிலவுவதாக உணர்ந்தவர்களுக்கோ சொந்த உணர்வு குறைந்தது. சமோராவுக்கு இதில் வியப்பேதும் இருந்திராது.

சட்டம் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டது. முழுநேர அளவில் கணக்கிட்ட இளநிலை மாணவரில் 25 விழுக்காடு ஹிஸ்பானிக் மாணவர்கள் இருந்தால் அக்கல்லூரிக்குத் தனி வகைப்பாடும் நிதி கோரும் தகுதியும் உண்டு என 1992இல் விதி வகுக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் சேர்ப்பதும் சேவை செய்வதும் ஒன்றல்ல என்று ஜீனா ஆன் கார்சியா 2019இல் ஒரு நூல் முழுதும் வாதிட்டார். 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித்துறை, இத்தகைய கல்லூரிகளுக்குத் தன் விருப்புரிமையில் வழங்கிவந்த நிதியை நிறுத்துவதாக அறிவித்தது.

1997ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் ஆராயப்பட்டவர்கள் 272 பேர். பள்ளியிலேயே உயர்ந்த மதிப்பெண் பெற்று, தேசிய விருதுக்கான தேர்வில் முன்னேறியவர்கள். அவர்களிடமே இந்த உணர்வு தளர்ந்தது என்றால், அந்தப் பட்டியலுக்கே வராதவர்களிடம், முதலாண்டிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?